பழகிய வண்டியும் புதிய வண்டியும்

ஒரு பொருள் நன்றாக உழைக்கிறது. மக்கள் அதை நம்புகின்றனர். பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகின்றனர். அதனைச் செய்பவர் அதையே மேலும் மேலும் செம்மைப்படுத்திக் கொண்டிருப்பதா? அல்லது அதனை ஒதுக்கிவிட்டு முற்றிலும் புதியதொன்றைப் படைப்பதா? தறியில் அமர்ந்திருப்பவருக்கும், தோல் பதனிடுபவருக்கும், அடுப்படியில் நிற்கும் தாய்மாருக்கும்கூட என்றேனும் ஒருநாள் எதிர்ப்படும் வினாதான் இது. எனினும், இவ்வினா மிகுந்த கூர்மையுடன் எழுவது மோட்டார் சைக்கிள் தொழிலில்தான் என்பது என் எண்ணம். ஏனெனில், அங்கே விலை கொடுத்து வாங்கியவர் அப்பொருளின்மீது தம் பணத்தை மட்டுமன்று, தம் உயிரையும் ஏற்றி வைக்கிறார். பின்னிருக்கையில் மனைவியையும் இடையில் மகளையும் அமர்த்திக்கொண்டு சாலையில் இறங்கும் ஒரு குடும்பத் தலைவருக்கு இது தொழிற்சாலை வினா அன்று, வீட்டு வினா.

எங்கள் வீட்டிலேயே இதில் இரு கட்சிகள் உண்டு. என் காக்கா பழமைக் கட்சி. ஜவுளி வியாபாரத்திற்காக முப்பது ஆண்டுகள் புல்லட்டில் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களையெல்லாம் சுற்றி வந்தவர். என் தங்கையின் மகன் புதுமைக் கட்சி, இயந்திரவியல் படித்தவன். பெருநாள் விருந்து முடிந்து பாயில் சாய்ந்ததும் இருவருக்கும் வாதம் தொடங்கிவிடும்.

"வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வதைப்போல, அதன் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட வண்டியை எதற்காக மாற்ற வேண்டும்?" என்பார் காக்கா.

"கோளாறே வராத வண்டியைச் செய்யக்கூடாதா, பெரிய மாமா?" என்பான் மருமகன்.

இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. யார் பேச்சில் எவ்வளவு உண்மை என்பதை ஆசையைக் கொண்டு அளக்காமல் வரலாற்றைக் கொண்டு அளந்து பார்ப்பதே முறையாகும்.

காக்காவின் புல்லட்டிலிருந்தே தொடங்குவோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932இல் முதன்முதலாகப் புல்லட் என்னும் பெயரைத் தன் வண்டி ஒன்றுக்குச் சூட்டியது. நாம் அறிந்த அந்த உருவம், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் 1949இல் விற்பனைக்கு வந்த 350 சி.சி. மாதிரியில் தோன்றியது. இந்தியப் படையினர் அவ்வண்டியைத் தேர்ந்தெடுத்ததை ஒட்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா சென்னையில் உருவாயிற்று. முதலில் கப்பலில் வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் பூட்டினர். 1962 அளவில் உறுப்புகள் அனைத்தையும் இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கினர். பிறகு நிகழ்ந்தது விந்தையான செய்தி. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் தாய் நிறுவனமே மறைந்தது. சேயோ வாழ்ந்தது. 1977இல் சென்னையில் செய்த புல்லட், தான் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகிச் சென்றது.

தாய் மறைந்தபின் சேய் பிழைத்ததற்குக் காரணம் அவ்வண்டியின் எளிமை. 70 மி.மீ. அகலமும் 90 மி.மீ. வீச்சும் உடைய ஒற்றைச் சிலிண்டர். கனத்த சக்கரத்துடன் நிதானமாகச் சுழலும் இயந்திரம். ஏறத்தாழ 18 குதிரைத் திறன். இந்த அளவுகள் பெருமை பேசுவதற்குரியன அல்ல. ஆனால் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் அதைப் பிரிக்கலாம்; எந்தச் சந்தையிலும் அதற்குரிய உறுப்பு கிடைக்கும். வாப்பா ஓட்டிய வண்டியின் உறுப்பு மகன் வாங்கிய வண்டிக்கும் பொருந்தும். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தினருக்கு இதைவிடப் பெரிய காப்பீடு வேறு என்ன இருக்க முடியும்?

எனினும் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. இயந்திரப் பெட்டியின் மூட்டுகளில் எண்ணெய் கசிவது, வண்டியைக் கிளப்புவதற்கு டீகம்பிரஷரை அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள்ளை நடுவில் நிறுத்தி, பிறகே கிக்கரை மிதிக்க வேண்டியிருப்பது, முறை தவறினால் கிக்கர் திருப்பி உதைப்பது, பிளாட்டினத்தை அடிக்கடி தேய்த்துச் சரிசெய்ய நேர்வது ஆகிய இவையெல்லாம் அந்தக் காலத்து வண்டிகளுக்கு இயல்பானவை. ஆனால் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அவை தொடர்ந்தன. ஓட்டுபவர்களும் அவற்றுக்குப் பழகினர். பழகியதோடு நில்லாமல் அவற்றைப் பெருமையாகவும் பேசத் தலைப்பட்டனர். எண்ணெய் கசிந்தால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என நகைச்சுவையாகச் சொல்வார்கள். நகைச்சுவை நன்றே. ஆனால் பழகிப்போன காரணத்தால் குறை நிறையாகிவிடாது. ஒரு பொருளை மாற்றாமல் வைத்திருப்பது வேறு. அதைச் செம்மைப்படுத்துவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பழமைக் கட்சியினரின் வாதத்தில் உள்ள ஓட்டை.

அந்த ஓட்டை ஒரு நாட்டின் தொழிலையே மூழ்கடித்த கதையை இங்கிலாந்தில் காண்கிறோம். டிரையம்ப் நிறுவனத்துக்காக எட்வர்டு டர்னர் வடிவமைத்த ஸ்பீடு ட்வின் 1937இல் வெளிவந்தபோது அது உண்மையிலேயே புதுமை. 500 சி.சி. அளவில் இரு சிலிண்டர்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. எடை குறைவு, வேகம் மிகுதி. மக்கள் விரும்பினர். மேலும் வேகம் வேண்டுமென்று கேட்டபோது நிறுவனம் அதே அடித்தளத்தை 650 சி.சி. ஆக்கியது, 1973இல் 750 சி.சி.வரை பெருக்கியது. இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் அந்த அமைப்பில், அளவு பெருகப் பெருக அதிர்வும் பெருகும். சிறு வீட்டுக்காக இட்ட அடித்தளத்தின்மேல் மாடிக்குமேல் மாடி கட்டியதைப் போன்றது அது.

அவ்வேளையில்தான், 1969இல், ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் சி.பி. 750 என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர், அதிர்வு குறைவு, பொத்தானை அழுத்தினால் கிளம்பும், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் எனத் தன்னைச் சொல்லிக்கொண்ட பி.எஸ்.ஏ., 1973இல் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப் என்னும் புதிய அமைப்புக்குள் கரைந்துபோயிற்று. டிரையம்ப் வண்டிகள் உருவான மெரிடன் தொழிற்சாலையை மூடப் போவதாக அறிவித்தபோது தொழிலாளர்கள் உள்ளேயே அமர்ந்து போராடினர். பின்னர்க் கூட்டுறவு அமைத்து நடத்தினர். 1983இல் அதுவும் நின்றது. வடிவமைப்பு மேசையில் எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்காமல் தள்ளிப்போட்டதற்கு விலை கொடுத்தவர்கள், அந்த மேசையருகே ஒருநாளும் நில்லாத தொழிலாளர் குடும்பங்கள். இந்த ஒரு செய்தியை நாம் மறத்தல் ஆகாது.

அப்படியானால் புதுமைக் கட்சி வென்றுவிட்டதா? அவசரப்பட வேண்டாம். சி.பி. 750ஐப் படைத்த அதே ஹோண்டாவின் மிகப் பெரிய வெற்றி, புதிது புதிதாக மாற்றியதால் வந்ததன்று. 1958 ஆகஸ்டில் வெளிவந்த சூப்பர் கப் என்னும் சிறு வண்டியே அந்த வெற்றி. 49 சி.சி. நான்கு வீச்சு இயந்திரம். கைப்பிடிக் கிளட்ச் இல்லாமலே கியர் மாற்றும் அமைப்பு. சேறு படாமல் கால்களைக் காக்கும் மறைப்பு. பெண்களும் முதியோரும் எளிதாக ஏறி அமரத் தாழ்ந்த நடுப்பகுதி. உணவு கொண்டுசெல்லும் கடைப் பையன் ஒரு கையால் ஓட்ட வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் நோக்கங்களுள் ஒன்று. 2017இல் அந்த வரிசையில் உருவான வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியை எட்டியது.

அந்த உருவத்தைப் பார்த்தவர்கள் ஒன்றுமே மாறவில்லை என்பார்கள். உள்ளே பார்த்தவர்கள் எல்லாமே மாறிவிட்டது என்பார்கள். வால்வுகளை இயக்கும் முறை 1960களில் மாறியது, அளவுகள் மாறின, கார்புரேட்டர் போய் மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தும் அமைப்பு வந்தது. குறையென்று தெரிந்ததை அவர்கள் அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கவில்லை. செம்மைப்படுத்துதல் என்ற சொல்லுக்கு இதுவே பொருள். நம் நாட்டிலும் 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100இல் வந்த 97 சி.சி. இயந்திரம், 1994இல் வந்த ஸ்ப்ளெண்டரில் தொடர்ந்து, சிறுகச் சிறுகத் திருந்தி, அரசு ஊழியர் முதல் பால்காரர் வரை கோடிக்கணக்கானோரைச் சுமந்திருக்கிறது. அடக்கமாக உழைக்கும் அந்த வண்டியை யாரும் பாடிப் புகழ்வதில்லை. பாட்டு வேண்டாத அளவுக்கு அது தன் கடமையைச் செய்கிறது.

புதுமை என்பதற்காகவே புதுமை செய்தால் அதன் சுமை யார் தலையில் விழும் என்பதை எங்கள் குடும்பமே அறியும். எண்பதுகளின் இறுதியில் என் மச்சான் ஒருவர், அப்போதுதான் விளம்பரமாகியிருந்த ஒரு புதிய மாதிரி வண்டியை வாங்கினார். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டாம். மனைவியின் வளையலை விற்றுக் கிடைத்த தொகையும் அதில் இருந்தது. துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்பதற்கு அவ்வண்டி நன்றாகவே உதவியது. சில ஆண்டுகளில் நிறுவனம் அந்த மாதிரியைக் கைவிட்டுவிட்டது. பிஸ்டன் வளையம் தேய்ந்தபோது மாற்று வளையம் கிடைக்கவில்லை. மதுரையில் தேடினார்; சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் தேடினார்; புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளிலும் தேடினார். உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு வளையம் இல்லாமல் ஒரு வண்டி முருங்கை மரத்தடியில் நின்றுபோயிற்று. மச்சான் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் பேருந்துக்குக் காத்து நின்றார். நிறுவனத்துக்கு அது ஒரு சோதனை முயற்சி. அவருக்கோ அது வாழ்க்கை.

பெரிய நிறுவனங்களும் இதில் பாடம் கற்றிருக்கின்றன. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32ஐ 1923இல் வெளியிட்டது. இரு சிலிண்டர்களும் இடமும் வலமுமாக நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்பு அதன் அடையாளம். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1983இல், நான்கு சிலிண்டர் கொண்ட கே 100ஐக் கொண்டுவந்தபோது, பழைய அமைப்பின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். வாங்குபவர்கள் அதற்கு உடன்படவில்லை. நிறுவனம் அவர்கள் குரலைக் கேட்டது. எனினும் பழையதை அப்படியே நீட்டிக்கொண்டு போகவில்லை. 1993இல் அதே இடம்வலச் சிலிண்டர் அமைப்பில் முற்றிலும் புதிய இயந்திரத்தை அமைத்தது. மக்கள் விரும்பியது எதை, சகித்துக்கொண்டது எதை என்று பிரித்தறிந்த செயல் அது.

செம்மைப்படுத்துதலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் காக்காவும் மறுக்க மாட்டார். பெட்ரோலுடன் எண்ணெயையும் கலந்து எரிக்கும் இருவீச்சு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். யமஹா ஆர்.எக்ஸ். 100இன் துள்ளலை இன்றும் கண் பளபளக்கப் பேசுவோர் உண்டு. ஆனால் அந்த அமைப்பில், எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி புகையோடு வெளியேறுவது இயல்பு. 2000க்குப் பின் இறுகிய புகை விதிகளுக்குள் அவ்வகை வண்டிகளால் தொடர்ந்து நிற்க இயலவில்லை. வண்டியை ஓட்டியவருக்கு அது இழப்பு. அந்தப் புகையைச் சுவாசித்த தெருக் குழந்தைகளுக்கு அஃது இழப்பன்று. பிரேக்கும் அப்படியே. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில், ஈரச்சாலையில் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரல் முதலும் விற்கப்படும் எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதலும் கட்டாயமாயிற்று. அறுபது ஆண்டுகளாக இது இல்லாமலே ஓட்டினோம் என்று சொல்லலாம். அவ்வாறு சொல்பவர்கள் உயிரோடு வீடு திரும்பியவர்கள். திரும்பாதவர்களின் சாட்சியம் நமக்குக் கிடைப்பதில்லை. சூப்பர் கப் வரிசையிலேயே 50 சி.சி. வகையின் உற்பத்தி, புகை விதிகளின் காரணமாக 2025இல் ஜப்பானில் முடிவுக்கு வந்தது. மிகச் சிறந்த செம்மையும் என்றேனும் ஒருநாள் தன் எல்லையைத் தொடும்.

நம் புல்லட்டும் அந்த எல்லைகளைச் சந்தித்தது. இயந்திரமும் கியர்ப்பெட்டியும் தனித்தனியாக இருந்த வார்ப்பிரும்பு அமைப்பு 2010ஐ ஒட்டி விடைபெற்றது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் அமைந்த இயந்திரம் அதன் இடத்தைப் பிடித்தது. வலக்காலின் கீழ் இருந்த கியர் இடக்காலுக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் புதிய புகை விதி நடைமுறைக்கு வந்தபோது கார்புரேட்டரும் மறைந்தது. இறுதியாக, 2020இல் மீட்டியார் வண்டியில் அறிமுகமான 349 சி.சி. புதிய இயந்திரம் 2023இல் புல்லட்டுக்குள்ளும் புகுந்தது. அதில் பழைய தள்ளுதண்டுகள் இல்லை. அதிர்வைத் தணிப்பதற்கென்றே ஒரு சமநிலைத் தண்டு சுழல்கிறது. ஆனால் டாங்கின் வளைவு, முகப்பு விளக்கின் மேல் நீட்டிய சிறு மறைப்பு, நிமிர்ந்து அமரும் தோரணை, நிதானமாகத் துடிக்கும் ஓசை எல்லாம் பழைய புல்லட்டை நினைவூட்டுகின்றன.

"உள்ளே ஒன்றும் பழையதில்லை, வெளியே மட்டும் பழைய சட்டை. இது ஏமாற்று அல்லவா?" என்று கேட்டார் காக்கா. நான் அவ்வாறு கருதவில்லை. தாத்தா கட்டிய வீட்டின் ஓட்டுக் கூரையைப் பேணிக்கொண்டு உள்ளே மின் கம்பிகளைப் புதிதாக இழுப்பவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. பழைய பெயரைப் போட்டுவிட்டு உழைப்பைக் குறைத்தால் அது ஏமாற்று. பழைய பெயருக்குரிய நம்பிக்கையைக் காக்க உள்ளிருப்பதைத் திருத்தினால் அது கடமை.

ஆயினும் காக்காவின் வருத்தத்தில் வேறோர் உண்மை ஒளிந்திருக்கிறது. அவர் வண்டியை முப்பது ஆண்டுகள் பார்த்துவந்த பட்டறைக்காரர், ஸ்பானரையும் தம் செவியையும் மட்டுமே கருவியாகக் கொண்டவர். இன்றைய வண்டியின் கோளாற்றைக் கண்டறிய மின்னணுக் கருவி வேண்டும். "இரும்பென்றால் பிரித்துப் பார்ப்பேன் பாய்; இந்தச் சின்னப் பெட்டிக்குள் எதைப் பிரித்துப் பார்ப்பது?" என்று அவர் கேட்டது என் செவியில் இன்னும் ஒலிக்கிறது. வேப்ப மர நிழலில் ஒரு பெட்டிக் கருவியோடு தொழில் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! புதிய மாதிரியை வெளியிடும் நிறுவனம், அதைப் பழுது பார்க்கும் அறிவைத் தன் பணிமனைச் சுவருக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டால், அந்தப் புதுமை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதற்கடமை செம்மைப்படுத்துதலே. ஏனெனில் மக்களின் நம்பிக்கையை எந்தத் தொழிற்சாலையாலும் ஓரிரவில் வார்த்தெடுக்க முடியாது. ஆனால் குறையை மரபென்று அழைத்து மறைக்கும் உரிமை செய்பவருக்கு இல்லை. உயிருக்குக் காவல், காற்றுக்குத் தூய்மை, ஓட்டுபவரின் உடலுக்கு நலம் ஆகிய மூன்றில் எதையேனும் பழைய அமைப்பால் தர முடியாதென்று தெளிவாகும் அன்றே புதியதைத் தொடங்கிவிட வேண்டும். அவ்வாறு தொடங்கும்போது, பழைய வண்டியை வாங்கியவருக்கு உறுப்பும், அதைப் பழுது பார்ப்பவருக்குப் பயிற்சியும் கிடைக்கச் செய்ய வேண்டும். முன்னவரைத் தெருவில் நிறுத்திவிட்டுப் பின்னவரை வரவேற்பது வாணிபமாக இருக்கலாம், நாணயமாகாது.

இந்த வழக்கு முடிந்துவிடவில்லை. இப்போது பெட்ரோலே வேண்டாத மின்சார வண்டிகள் நம் தெருக்களில் சத்தமின்றி ஓடுகின்றன. மருமகன் ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னபோது அவன் வேகத்தையும் தூரத்தையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். அருகிலிருந்த என் மச்சான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதன் பேட்டரி பழுதானால், பத்து ஆண்டு கழித்து மாற்றுப் பேட்டரி கிடைக்குமா, மாப்பிள்ளை?" மருமகன் உடனே விடை சொல்லவில்லை, கடையில் கேட்டு வருவதாகச் சொன்னான். வண்டி வாங்கச் செல்லும் ஒவ்வொருவரும், பழையதாயினும் புதியதாயினும், விலையைக் கேட்பதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. வாங்குபவர் விடாமல் கேட்டால்தான் செய்பவர் விடை தேடுவார்.